சனிக்கிழமைத் தேர்வும் ஓய்வுநாளும்: கல்லூரியில் எப்படி விண்ணப்பிப்பது?

சனிக்கிழமைக்காரி எழுதியது:

வணக்கம். உதகைக்கு அருகில் ஒரு கல்லூரியில் முதுகலை வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும் வரை எங்களுக்கு ஓய்வுநாள். அந்த நேரத்தில் பாடம் படிப்பதில்லை, தேர்வு எழுதுவதுமில்லை. வகுப்புகள் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டுமே என்பதால் இதுவரை கல்லூரியில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

நீலகிரியின் படகர் மக்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் திருவிழாவுக்காக மாவட்ட ஆட்சியர் அறிவித்த உள்ளூர் விடுமுறையோடு சிக்கல் வந்து சேர்ந்தது. அறிவிப்பின் கடைசிப் பத்தியில், வழக்கம்போல், விடுமுறையை ஈடுசெய்ய ஒரு சனிக்கிழமை வேலைநாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாள் வெறும் வகுப்பாகப் போய்விடக் கூடாது என்று எங்கள் துறையில் இரண்டாம் உள் மதிப்பீட்டுத் தேர்வை அன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

துறைத் தலைவரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “காய்ச்சல் என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடம்மா, திங்கட்கிழமை தனியாக எழுத வைக்கிறேன்” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஓய்வுநாளைக் காப்பதற்காகப் பொய்ச் சான்றிதழ் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. உண்மையான காரணத்தை எழுதி விண்ணப்பிக்க வழி உண்டா? யாருக்கு எழுத வேண்டும், என்ன எழுத வேண்டும்?

கட்டபெட்டு எழுதியது:

சகோதரி, எங்கள் ஹெத்தையின் பண்டிகையால் உங்களுக்கு இடைஞ்சல் வந்திருப்பதைப் படித்து சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். விடுமுறை எங்களுக்குக் கிடைத்தும் சென்ற ஆண்டு எனக்கு அது பயன்படவில்லை என்பதையும் கேளுங்கள். உள்ளூர் விடுமுறை நீலகிரிக்குத்தானே தவிர மலைக்குக் கீழே இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. பேரகணியில் திருவிழா நடக்கும் அதே நாளில் எனக்குச் செய்முறைத் தேர்வு. வீட்டில் எல்லோரும் வெள்ளை உடுத்திப் புறப்பட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் ஆய்வகக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தேர்வுக்குப் போகாமல் பேரகணிக்கே போனேன். மறுநாள் ஒரு மருத்துவரிடம் 150 ரூபாய் கொடுத்து மூன்று நாள் காய்ச்சலுக்குச் சான்றிதழ் வாங்கினேன்.

அந்தத் தாளை என் பாட்டியிடம் யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். “ஹெத்தைக்குப் போனதை நோய் என்றா எழுதி வாங்கினாய்?” என்று கேட்டவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆகவே நீங்கள் தயங்குவது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வேறு வழி எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

பழைய தேர்வறை எழுதியது:

முப்பது ஆண்டுகள் கற்பித்து, அதில் பதினோரு ஆண்டுகள் கல்லூரித் தேர்வுப் பணியும் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தத் தேர்வு யார் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உள் மதிப்பீட்டுத் தேர்வு முழுக்கக் கல்லூரியின் கையில் இருப்பது. துறைத் தலைவரும் முதல்வரும் மனம் வைத்தால் அன்றைக்கே முடியும். செய்முறைத் தேர்வில் தேதியைப் பல்கலைக்கழகம் குறித்தாலும், மாணவர்களை அணி அணியாகப் பிரித்து இரண்டு மூன்று நாள்களுக்கு நடத்துவதால், யார் எந்த அணி என்பதைப் பெரும்பாலும் துறைதான் முடிவு செய்கிறது. கட்டபெட்டுத் தம்பி, பட்டியல் மேலே போவதற்கு முன் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் உங்களை மறுநாள் அணியில் சேர்த்திருப்பார்கள். 150 ரூபாயும் மிச்சம், பாட்டியின் பேச்சும் மிச்சம். பருவ இறுதி எழுத்துத் தேர்வு மட்டும் வேறு வகை. ஒரே வினாத்தாள் ஒரே நேரத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் பிரிக்கப்படுவதால், அதை ஒருவருக்காக மாற்றும் அதிகாரம் முதல்வருக்குக் கிடையாது. அவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பரிந்துரைத்து அனுப்பலாம், அவ்வளவே.

அடுத்தது, வருகைப் பதிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 90 வேலைநாள்கள் கொண்ட பருவத்தில் 75 விழுக்காடு என்றால் 68 நாள்கள். மீதம் 22 நாள்கள் இருக்கின்றன. ஈடுசெய்யும் சனிக்கிழமைகள் பருவத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். எனவே “எனக்கு விடுப்பு வேண்டும்” என்று எழுதாதீர்கள்; விடுப்பு உங்கள் சிக்கலே இல்லை. “இந்தத் தேர்வை இந்த நாளில், இந்த நேரத்தில் எழுதத் தயாராக இருக்கிறேன்” என்று எழுதுங்கள். கேட்பவர் வேலையிலிருந்து விலகப் பார்க்கிறாரா, வேலையை வேறு வேளையில் செய்து தருகிறேன் என்கிறாரா என்பதைத்தான் முதல்வர் நாற்காலியில் இருப்பவர் முதலில் பார்ப்பார்.

விண்ணப்பத்தை முதல்வர் பெயருக்கு எழுதி, துறைத் தலைவர் வழியாக அனுப்புங்கள். சபைப் போதகரிடமிருந்து, நீங்கள் உறுப்பினர் என்பதையும் ஓய்வுநாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதையும் மட்டும் சொல்லும் சுருக்கமான கடிதம் ஒன்றை இணையுங்கள். அலுவலகத்தில் கொடுக்கும்போது தபால் பதிவேட்டில் எண் போட்டு, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத விண்ணப்பம் மேசையிலேயே உறங்கிவிடும்.

அலுவலக மேசை எழுதியது:

கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். ஐயா சொல்வதில் தவறில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். இரண்டாவது வினாத்தாள் தயாரிப்பது யார்? தனியாக ஓர் அறை, ஒரு கண்காணிப்பாளர், இரண்டு மணி நேரம். ஒருவருக்குச் செய்தால் அடுத்த மாதம் பத்துப் பேர் வருவார்கள். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்ட மாணவர்கள் காலணி இல்லாமல் வருகிறார்கள். வகுப்பறையில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அமிலப் புட்டிகள் இருக்கும் ஆய்வகத்தில் வெறுங்காலோடு நிற்கலாமா? ஒரு பையனிடம் ஆய்வக உதவியாளர் சொன்னபோது, “சாமியைத் தடுக்காதீர்கள்” என்று அவனுடைய அப்பாவே வந்து சத்தம் போட்டார்.

மருத்துவச் சான்றிதழைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? ஜனவரியில் எங்கள் கோப்பில் சேருகிற காய்ச்சல் அந்த மாதம் ஊரில் இருக்கிற காய்ச்சலைவிட அதிகம். எல்லாம் பொய் என்று எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று மாணவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு ஒரு விதி இருக்கிறது, ஒரு கட்டணம் இருக்கிறது, ஒரு கோப்பு இருக்கிறது. மத நம்பிக்கைக்கு அப்படி ஒன்றும் இல்லை. விதி இல்லாத இடத்தில் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

தேவர்சோலை எழுதியது:

அலுவலக அண்ணா, பத்துப் பேர் வருவார்கள் என்ற அச்சம் எங்கள் கல்லூரியிலும் இருந்தது; நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் கூடலூர்ப் பக்கத்து மாணவர்கள் ஏழு பேர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக முதல்வரிடம் போனோம். எங்களுக்கு அன்று மதியம் ஒன்றரைக்கு ஆய்வகம். பள்ளிவாசல் நகரத்தில் இருக்கிறது. தொழுகை முடிந்து பேருந்துக்கு நின்று மேட்டில் ஏறி வரும்போது இரண்டாகிவிடும். வருகைப் பதிவில் சலுகை கேட்கத்தான் போனோம். முதல்வர் கால அட்டவணையை மேசையில் விரித்துப் போட்டு, ஆய்வகம் இருக்கும் நாளையே செவ்வாய்க்குத் தள்ளிவிட்டு, வெள்ளி மதியம் நூலக நேரத்தை வைத்துவிட்டார். பருவம் தொடங்கி நான்காவது நாள் போனதால்தான் அது முடிந்தது; ஒரு மாதம் கழித்துப் போயிருந்தால் அட்டவணையில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். பிறகு பத்துப் பேரும் வரவில்லை, பதினொரு பேரும் வரவில்லை.

நோன்பு மாதத்தில் விடுதியில்தான் உண்மையான இடர். இரவு எட்டரைக்குச் சமையலறையைப் பூட்டிவிடுவார்கள். சஹர் உணவை அதிகாலை ஐந்து மணிக்கு முன் முடிக்க வேண்டும். சமையற்காரர் அந்த நேரத்தில் எழுந்து அடுப்புப் பற்ற வைக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. இரவுச் சோற்றையும் குழம்பையும் தூக்குப் போசியில் தனியாக எடுத்து வைத்துவிட்டால் போதும், ஒரு பிளாஸ்கில் வெந்நீர் இருந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தோம். முதல் வாரம் நான்கு மணிக்கு அந்தச் சோறு ஆறிப் போய் விறைத்திருந்தது. வெந்நீரை ஊற்றிப் பிசைந்துதான் சாப்பிட்டோம். இரண்டாம் வாரம் அந்த அண்ணனே பெரிய போசியைக் கம்பளித் துணியில் சுற்றி, சூடு அடங்காத அடுப்புத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதை நாங்கள் எழுதிக் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அலுவலக அண்ணா கேட்ட கேள்விதான் எனக்கும் இருக்கிறது. விதி இல்லை என்றால், இது நான் கேட்கும் உரிமையா, அவர்கள் காட்டும் தயவா?

குன்னூர் வழக்கறிஞர் எழுதியது:

நேரான பதில், இரண்டுக்கும் இடையில் இருக்கிறது என்பதுதான்.

அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு மனச்சான்று உரிமையையும், மதத்தைப் பின்பற்றும் உரிமையையும் எல்லோருக்கும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கும் அந்தப் பகுதியின் பிற விதிகளுக்கும் உட்பட்டே அதைத் தருகிறது. ஆய்வகத்தில் வெறுங்கால் கூடாது என்பது இதனால் செல்லும். மாலை போட்டவர் ஆய்வக வாசலில் காலணி அணிந்து, வெளியே வந்ததும் கழற்றலாம். ஆனால் ஒரு கல்லூரி ஒரு மாணவருக்காகத் தேதியை மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகுந்த வசதி செய்து தருதல் என்றால் என்ன என்று வரையறுத்தே வைத்திருக்கிறது. மதத்துக்கு அப்படி ஒரு வரையறை எழுதப்படவில்லை.

நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் இசைக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதற்காக 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை மற்றவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றுகிறதா என்பது கேள்வி அல்ல, அது உண்மையாகப் பற்றப்படுகிறதா என்பதே கேள்வி என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் வருகிறது. உங்கள் போதகர் கடிதத்தின் பயன் அங்கேதான். மறுபக்கம், 2018இல் கேரள உயர் நீதிமன்றம், ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் தலைமறைப்பு அணிய அனுமதி கேட்ட மாணவிகளின் வழக்கில், நிறுவனத்தின் உரிமை தனிமாணவரின் உரிமையைவிட மேலோங்கும் என்றது. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள்; அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தது.

உங்கள் வழக்குக்கு மிக நெருங்கிய ஒன்று தென் கொரியாவில் நடந்தது. ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்த உங்கள் சபையைச் சேர்ந்த ஒருவருக்குச் சனிக்கிழமை காலை நேர்முகம் குறிக்கப்பட்டது. அன்றைய நேர்முகங்களில் தன்னைக் கடைசியாக, பொழுது சாய்ந்த பின் அழைக்கும்படி கேட்டார். மறுத்துவிட்டார்கள். 2024 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவர் கேட்ட முறையைக் கவனியுங்கள்: வேறு நாள்கூட அவர் கேட்கவில்லை.

தணிக்கையைப் பற்றிக் கவலைப்படும் நண்பருக்கு: காரணத்தோடு, எழுத்தில், எல்லாச் சமயத்தவருக்கும் ஒரே அளவில் எடுக்கப்பட்ட முடிவைத் தணிக்கை கேள்வி கேட்பது அரிது. வாங்கி வைத்திருக்கும் பொய்ச் சான்றிதழ்தான் ஆபத்து. முதல்வர் மறுத்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி உங்கள் கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலைநாள்களுக்குள் அறிக்கை தர முயல வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் 15 நாள்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்திலேயே 25ஆம் உறுப்பைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பழைய தேர்வறை எழுதியது:

கடைசி வரியில் மட்டும் வழக்கறிஞர் அம்மாவோடு உடன்படவில்லை. முதல் கடிதத்திலேயே சட்டப் பிரிவைப் போட்டால், முதல்வர் அதைச் சட்ட ஆலோசனைக்கு அனுப்பிவிடுவார். தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வரும். உறுப்பு எண்ணை இரண்டாம் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சியாட்டிலில் ஒரு கோத்தகிரிப் பெண் எழுதியது:

நான் படிக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் 2019இல் இதற்கென்றே சட்டம் வந்தது. மாநில அரசின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மத நம்பிக்கைக்காக வராமல் போகும் நாள்களுக்கு ஏற்பாடு செய்து தர வேண்டும். அந்த விதியைப் பாடத்திட்டத் தாளிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். என் பல்கலைக்கழகத்தில் பாடம் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் இணையப் படிவத்தில் தேதிகளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதலாண்டில் ஹெத்தை நாளைப் படிவத்தில் எழுதிவிட்டு, என்ன பண்டிகை என்று கேட்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை; மாற்றுத் தேர்வு எந்த நாள் என்று மட்டும் கேட்டார்கள். ஆனால் இரண்டு வாரத்தைத் தவறவிட்ட தோழி ஒருத்திக்குக் கதவு மூடிவிட்டது. விதி இருக்கும் இடத்தில் விதியின் கெடுபிடியும் இருக்கிறது.

கட்டபெட்டு எழுதியது:

அக்கா, நம் நாட்டிலும் தேதி நகராமல் இல்லை. 2025 ஜனவரி 15 அன்று நடக்கவிருந்த நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வை, பொங்கல், மகர சங்கராந்தி காரணமாக, தேர்வுக்கு இரண்டே நாள் இருக்கும்போது ஒத்திவைத்தார்களே. கொண்டாடுபவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள், நகர்ந்தது. எங்கள் ஹெத்தைக்கு மாவட்ட அளவில் ஒரு நாள் உண்டு. முத்தநாடு மந்தில் தோடர் பழங்குடியினர் கூடும் மொற்பர்த் பண்டிகைக்கும், கோத்தர் பழங்குடியினரின் அய்யனோர் அம்மனோர் பண்டிகைக்கும் விண்ணப்பத் தாள் ஒன்றுதான் வழி. ஆள் குறையக் குறையக் கடிதம் எழுதும் வேலை கூடுகிறது.

சனிக்கிழமைக்காரி எழுதியது:

நான் எழுதிய வரைவு இது. திருத்தித் தாருங்கள்.

“மதிப்பிற்குரிய ஐயா, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் உறுப்பினராகிய நான் வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாளை ஆசரிக்கிறேன். வரும் சனிக்கிழமை ஈடுசெய்யும் வேலைநாளில் நடைபெறவுள்ள உள் மதிப்பீட்டுத் தேர்வை அன்று என்னால் எழுத இயலாது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அன்று மாலை ஆறரை மணிக்குப் பிறகோ, அதற்கு முந்தைய வியாழக்கிழமையோ, அடுத்த திங்கட்கிழமை வகுப்பு முடிந்த பின்னரோ, துறை விரும்பும் வினாத்தாளைக் கொண்டு எழுதத் தயாராக இருக்கிறேன். அன்றைய வருகைப் பதிவில் சலுகை கோரவில்லை. இந்தப் பருவத்தில் வரக்கூடிய மற்றச் சனிக்கிழமைகளுக்கும் இதையே என் வேண்டுகோளாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

பழைய தேர்வறை எழுதியது:

“மிகுந்த வருத்தத்துடன்” என்பதை எடுத்துவிடுங்கள் அம்மா. நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. வியாழக்கிழமையையும் எடுத்துவிடுங்கள், முன்னதாக எழுதினால் வினாத்தாள் வெளியே போகும் என்ற பேச்சு எழும். சனிக்கிழமை மாலை ஆறரை என்பது உங்கள் உறுதியைக் காட்டுகிறது, ஆனால் அந்த நேரத்தில் பனியில் உங்களுக்காகக் காத்திருக்கப்போகும் கண்காணிப்பாளரை நினைத்துப் பாருங்கள். திங்கள் போதும். பருவ இறுதித் தேர்வுக்கெனத் தனியாக இன்னொரு கடிதம் எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் கடினமானதற்கு வரும் மறுப்பு எளிதானதற்கும் சேர்ந்து வந்துவிடும்.

சனிக்கிழமைக்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல்வர் விண்ணப்பத்தின் ஓரத்தில் பச்சை மையில் “துறைத் தலைவர் ஆவன செய்க” என்று எழுதி அனுப்பினார். திங்கட்கிழமை மூன்றரை மணிக்குத் துறை நூலகத்தில் தனியாக எழுதினேன். கண்காணித்தது துறைத் தலைவரேதான். வினாத்தாள் புதியது, சனிக்கிழமைத் தாளைவிடக் கடினம் என்று தோழிகள் சொன்னார்கள், அது எனக்கும் தெரிந்தது. நடுவில் மின்சாரம் போனபோது சன்னலைத் திறந்து வைத்தார். மேகம் உள்ளே வந்து விடைத்தாள் ஈரமாயிற்று. மீண்டும் மூடிவிட்டு, கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இந்த வேலைக்கு அந்தச் சான்றிதழ் எளிதாக இருந்திருக்கும்” என்று சிரித்தார். மதிப்பெண் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் சனிக்கிழமை வரவில்லை என்றே இருக்கிறது.

பருவ இறுதித் தேர்வுக்கான கடிதத்தை முதல்வர் பரிந்துரைத்து அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை. அட்டவணை வந்தால்தான் சனிக்கிழமை எனக்குத் தாள் விழுகிறதா என்றே தெரியும். விழுந்தால் எழுதப் போவதில்லை; அடுத்த பருவத்தில் அரியராக எழுதிக்கொள்வேன் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். உதகை மாரியம்மன் தேருக்கும் உள்ளூர் விடுமுறை வரும். அதை ஈடுசெய்யும் நாளுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அலுவலக மேசை எழுதியது:

தங்கை, உங்கள் கடிதத்தைப் பார்த்து எங்கள் கல்லூரியிலும் இருவர் அதே முறையில் எழுதிக் கொடுத்தார்கள், ஒருவர் ஜும்ஆவுக்கு, ஒருவர் சபரிமலைக்கு. இரண்டும் கையெழுத்தாகிவிட்டன. எந்தக் கோப்பில் வைப்பது என்றுதான் அரை மணி நேரம் யோசித்தேன். விடுப்புக் கோப்பில் சேராது, மருத்துவக் கோப்பிலும் சேராது. இப்போதைக்கு ‘இதரம்’ என்று எழுதிய கோப்பில் வைத்திருக்கிறேன்.